வீட்டுத் தளப்பட மென்பொருள் தேர்வு

வீட்டுத் தளப்பட மென்பொருள் என்பது வீட்டின் அறை, சுவர், கதவு, சன்னல், படிக்கட்டு ஆகியவற்றை மேலிருந்து பார்ப்பது போல அளவோடு வரைய உதவும் கணினி மென்பொருள் ஆகும். இந்தப் படம் பேச்சுவழக்கில் 'பிளான்' எனப்படுகிறது. இவ்வகை மென்பொருள்கள் பல இருப்பினும், வரைந்த படம் யார் கைக்குப் போகிறது என்பதைக் கொண்டே தேர்வு அமைய வேண்டும். குடும்பத்தினர் கூடிப் பேசுவதற்கான படமும், பொறியாளர் திருத்தி எழுதும் படமும், மாநகராட்சியின் அனுமதிக்குச் செல்லும் படமும் வெவ்வேறானவை.

அலகுகள்

சென்னையில் மனை 'கிரவுண்டு' கணக்கில் பேசப்படுகிறது. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 223 சதுர மீட்டர். வீட்டினர் அறையை அடி, அங்குலத்தில் கூறுவர். கட்டட விதிகளோ மீட்டரில் உள்ளன. ஆகவே இரு முறைகளையும் ஏற்கும் மென்பொருளே வசதியானது.

அளவை உள்ளிடும்போது ஒரு பிழை எளிதில் நேரும். 14 அடி 6 அங்குலத்தைத் தசமத்தில் 14.5 என எழுத வேண்டும். 14.6 என எழுதினால் அது 14 அடி 7.2 அங்குலம் ஆகிவிடும்.

சுவர்த் தடிமன்

தமிழ்நாட்டில் செங்கல் வெளிச்சுவர் பொதுவாக 9 அங்குலமும் (230 மி.மீ.) உள்தடுப்புச் சுவர் 4½ அங்குலமும் இருக்கும். வேறு நாட்டுக் கட்டுமான முறைக்கு ஏற்ப மெல்லிய சுவரையே இயல்பாக வரையும் மென்பொருள்கள் உண்டு. தடிமனை மாற்றும் வசதி இல்லாத மென்பொருளைத் தவிர்ப்பது நல்லது.

எடுத்துக்காட்டாக, 20 அடிக்கு 60 அடி கொண்ட அரை கிரவுண்டு மனையில், வெளிப்புற அகலம் 14 அடி உள்ள வீடு கட்டுவதாகக் கொள்வோம். இருபுறமும் 9 அங்குலச் சுவர் எழுப்பினால் உள் அகலம் 12 அடி 6 அங்குலம். அதையே 4½ அங்குலச் சுவராக வரைந்தால் 13 அடி 3 அங்குலம் எனத் தோன்றும். படத்தில் கூடுதலாகத் தெரியும் 9 அங்குலம் கட்டிய வீட்டில் இராது. கட்டிலுக்கும் அலமாரிக்கும் இடையே நடக்க விட்ட இடமே அதனால் குறையும்.

சில மென்பொருள்கள்

ஸ்வீட் ஹோம் 3டி: கட்டணமற்ற, திறந்தமூல மென்பொருள். தளப்படம் வரையும்போதே முப்பரிமாணத் தோற்றத்தையும் காட்டும். பழைய பிளானை ஸ்கேன் செய்து பின்னணியாக வைத்து, அதன்மேல் வரையலாம். தியாகராய நகர், அடையாறு பகுதிகளின் பழைய அடுக்ககங்களைப் புதுப்பிப்போருக்கு இது பயன்படும். ஒரு சுவரின் உண்மை நீளத்தைக் கொடுத்தால் மற்றவை அந்த விகிதத்தில் அமையும். ஒளிநகலில் அளவு சிதைந்திருக்கக்கூடும் என்பதால் இன்னொரு சுவரையும் நாடாவால் அளந்து ஒப்பிட வேண்டும்.

லிப்ரேகேட்: இதுவும் கட்டணமற்ற திறந்தமூல மென்பொருளே. இருபரிமாணப் படம் மட்டும் வரையும், துல்லியமானது, பழகச் சில நாள்கள் ஆகும்.

ஸ்கெச்சப்: முப்பரிமாணத் தோற்றத்திற்கு ஏற்றது. இணையத்தில் இயங்கும் இலவசப் பதிப்பில் வசதிகள் குறைவு.

ஆட்டோகேட்: 1982 முதல் வெளிவருவது; பொறியாளர்களும் கட்டடக்கலைஞர்களும் பரவலாகப் பயன்படுத்துவது. கட்டணம் மிகுதி என்றாலும், தகுதியுள்ள மாணவர்கள் கல்விப் பதிப்பை இலவசமாகப் பெறலாம்.

மயிலாப்பூர் மாடவீதிகளை ஒட்டிய பழைய வீடுகளில் காணப்படும் திண்ணை, ரேழி, முற்றம் போன்றவை இம்மென்பொருள்களின் ஆயத்தப் பொருள் தொகுப்பில் பெரும்பாலும் இரா. அவற்றைச் சுவர், மேடை ஆகியவற்றைக் கொண்டு நாமே வரைந்துகொள்ள வேண்டும்.

கோப்பு வடிவம்

படத்தை வெறும் ஒளிப்படமாகவோ பிடிஎஃப் கோப்பாகவோ மட்டும் சேமித்தால், பொறியாளர் அதைப் பார்த்து மீண்டும் வரைய நேரலாம். டிஎக்ஸ்எஃப், டிடபிள்யூஜி ஆகியவை அவர்கள் திருத்தக்கூடிய வடிவங்கள். லிப்ரேகேட் டிஎக்ஸ்எஃப் வடிவில் சேமிக்கும். பொறியாளரிடம் எந்த வடிவம் வேண்டும் என்று முன்பே கேட்டறிவது இரட்டை வேலையைத் தவிர்க்கும்.

அனுமதிக்கான வரைபடம்

வீட்டில் வரைந்த படம் கட்டட அனுமதிக்கான வரைபடம் ஆகாது. பக்க இடைவெளி, உயரம், தளப்பரப்புக் குறியீடு ஆகியவற்றைத் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 வரையறுக்கின்றன. தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு அமைப்புக்கும் இடம் ஒதுக்க வேண்டும். விதிமீறலை மேற்கண்ட பொதுப்பயன் மென்பொருள்கள் தாமாகச் சுட்டிக்காட்டுவதில்லை.

2024 சூலையில் தமிழ்நாட்டில் சுயசான்று முறை அறிமுகமானது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ அதனுடன் முதல் தளமோ கொண்ட குடியிருப்புக் கட்டுவோர் இணையவழி விண்ணப்பித்து அனுமதி பெறலாம். கட்டடம் விதிகளுக்கு உட்பட்டது என உரிமையாளரே சான்றளிப்பதால், படத்திலுள்ள அளவுப்பிழையின் பொறுப்பும் அவரையே சேரும். எனவே பதிவுபெற்ற பொறியாளரோ கட்டடக்கலைஞரோ படத்தைச் சரிபார்ப்பது இன்றியமையாதது.

தேர்வுக்கு முன் ஒரு சோதனை

கட்டணம் செலுத்துவதற்கு முன், தற்போது வசிக்கும் வீட்டின் ஓர் அறையை நாடாவால் அளந்து வரைந்து பார்க்கலாம். அறையின் உள்ளளவு நாடாவோடு ஒத்துவருகிறதா, 9 அங்குலச் சுவர் அமைகிறதா, சேமித்த கோப்பு வேறொரு கணினியில் திறக்கிறதா என்ற மூன்றுக்கும் 'ஆம்' என்று விடை வந்தால், அந்த மென்பொருள் நம் தேவைக்குப் போதுமானது.