பாலும் படிப்பினையும்: ஓர் ஆவணப்படத்தை முன்வைத்துச் சில எண்ணங்கள்

திருக்குர்ஆனின் பதினாறாம் அத்தியாயமான சூரத்துன் நஹ்லின் 66ஆம் வசனம் பாலைப் பற்றிப் பேசுகின்றது. கால்நடைகளில் மனிதர்க்குப் படிப்பினை உண்டு என்று தொடங்கும் அவ்வசனம், சாணத்திற்கும் இரத்தத்திற்கும் இடையிலிருந்து தூய பால் வெளிப்படுவதை நினைவூட்டுகின்றது. படிப்பினை என்று நாம் மொழிபெயர்க்கும் 'இப்ரத்' என்னும் அரபுச் சொல், கடந்து செல்லுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்ததாகும். கண்முன் உள்ளதைக் கடந்து அதற்கப்பால் உள்ளதை உணர்தலே இப்ரத். பாலை இறையருளாக ஏற்று நன்றி கூறும் நாம், அது நம் குவளைக்கு வந்து சேரும் வழியைக் கடந்து நோக்கியிருக்கின்றோமா? இக்கேள்வியை அண்மையில் நம்முன் வைத்திருப்பது மார்க்க நூல் அன்று, ஓர் ஆவணப்படம்.

இரண்டு திரைப்படங்கள்

மருத்துவரான ஹர்ஷா ஆத்மகூரி இயக்கிய 'மா கா தூத்' என்னும் ஆவணப்படம் 2023இல் வெளியாயிற்று. 'தாயின் பால்' என்பது அத்தலைப்பின் பொருள். இந்தியப் பால்தொழிலின் உள்ளே நடப்பவற்றை அது தொகுத்துக் காட்டுகின்றது. செயற்கைக் கருவூட்டலால் பசு ஓயாது சினையாக்கப்படுவது, கன்று தாயிடமிருந்து விலக்கப்படுவது, ஆண் கன்று வேண்டாத பொருளாகிப் போவது, பால் வற்றிய மாடு தெருவுக்கோ இறைச்சிக் கூடத்திற்கோ சென்று சேர்வது ஆகியவை அப்படத்தின் முதன்மையான செய்திகள். பாலும் இறைச்சியும் தோலும் மூன்று தனித் தொழில்கள் அல்ல, ஒரே தொழிலின் மூன்று வாயில்கள் என்பது அதன் வாதம். பாலை அறவே விட்டுவிடுங்கள் என்பதே அது வந்தடையும் முடிவு.

இதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்னர், 1976இல், ஷியாம் பெனகலின் 'மந்தன்' வெளியானது. குஜராத்தின் 5 இலட்சம் பால் உற்பத்தியாளர்கள் ஆளுக்கு 2 ரூபாய் தந்து அப்படத்தைத் தயாரித்தனர். இடைத்தரகரிடம் சிக்கியிருந்த ஏழை உழவன் கூட்டுறவால் தலைநிமிர்ந்த கதை அது. 1970இல் தொடங்கிய 'வெண்மைப் புரட்சி' நாட்டைப் பால் உற்பத்தியில் உலகின் முதலிடத்திற்குக் கொண்டு சென்றது. 2023-24ஆம் ஆண்டில் இந்தியாவின் பால் உற்பத்தி ஏறத்தாழ 23.9 கோடி டன்.

முதற்படம் பால் கறப்பவனைப் பார்த்தது. இரண்டாம் படம் கறக்கப்படும் பசுவைப் பார்க்கின்றது. இரண்டும் உண்மையைச் சொல்கின்றன. ஒன்றை ஏற்று மற்றொன்றை மறுப்பது எளிது. இரண்டையும் ஒருசேர ஏற்று நடக்க வழியுண்டா என்பதே நம் முன்னுள்ள வினா.

ஆற்றுவெளியின் பசு

பொதிகையில் தோன்றிப் புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் தாமிரவருணியின் இரு கரைகளிலும் நெல்லும் மாடும் ஒன்றையொன்று சார்ந்தே வாழ்ந்து வந்தன. கார், பிசானம் என்னும் இரு பருவ நெல்லின் வைக்கோல் மாட்டுக்குத் தீவனமாயிற்று. மாட்டின் சாணம் வயலுக்கு எருவாயிற்று. காளை உழுதது, வண்டி இழுத்தது. பசு காளைக்கன்றை ஈன்றாலும் உழவன் மகிழ்ந்தான். பால் அன்று அந்த உறவின் ஒரு பயன் மட்டுமே.

இன்று நிலை வேறு. உழவை டிராக்டரும் அறுவடையைப் பெரும் எந்திரங்களும் எடுத்துக்கொண்டுவிட்டன. நாட்டு மாடுகளின் இடத்தில் ஜெர்சிக் கலப்பினப் பசுக்கள் நிற்கின்றன. கூட்டுறவுச் சங்கத்தில் பாலின் கொழுப்பும் கொழுப்பற்ற திடப்பொருளும் அளக்கப்பட்டு விலை தீர்மானிக்கப்படுகின்றது. ஆயினும் மேலை நாடுகளின் ஆயிரக்கணக்கான மாடுகள் அடைந்த கொட்டில்கள் இங்கே இல்லை. ஒரு பசுவோ இரண்டு பசுக்களோ வைத்திருக்கும் வீடுகளே பெரும்பான்மை. அவற்றில் காலையும் மாலையும் பால் கறந்து சங்கத்திற்குக் கொண்டு சேர்ப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். கணவனை இழந்த ஒருத்திக்கு மாதந்தோறும் கைக்கு வரும் ஒரே பணம் பால் பணமாக இருப்பதுண்டு. 'பாலை விட்டுவிடுங்கள்' என்னும் அறிவுரை, தாவரப் பால் வாங்க வசதியுள்ளவரின் செவிக்கு ஒருவாறும் அவள் செவிக்கு வேறொருவாறும் ஒலிக்கும்.

எனினும், கொட்டில் சிறிதாயிருப்பதனாலேயே கொடுமை நுழையாது என்று எண்ணிவிட வேண்டா. ஈன்ற பசுவின் சீம்பால் கன்றுக்கு நோய் எதிர்ப்பாற்றல் தரும் முதல் உணவு. பிறந்த சில மணி நேரத்திற்குள் அது கன்றின் வயிற்றை அடைய வேண்டும். அதனைக் கன்றுக்குப் போதிய அளவு விடாமல் விற்றுவிடும் வழக்கம் உண்டு. பால் சுரக்க வைப்பதற்காக மட்டும் கன்றை ஒரு கணம் மடியில் விட்டு இழுத்துக் கட்டுவதும், கன்று இறந்துவிட்டால் அதன் தோலில் வைக்கோலைத் திணித்துத் தாயின்முன் நிறுத்துவதும் நம் ஊர்கள் அறியாதவை அல்ல.

ஆண் கன்று எங்கே?

பசு ஆணும் பெண்ணுமாக ஏறத்தாழச் சம அளவில்தான் கன்று ஈனுகின்றது. ஆனால் 2019ஆம் ஆண்டின் இருபதாம் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் பசுவினத்துப் பெண் மாடுகள் 14.5 கோடி, ஆண் மாடுகள் 4.7 கோடி மட்டுமே. 2012ஆம் ஆண்டுக் கணக்கோடு ஒப்பிட்டால் பெண் மாடுகள் ஏறத்தாழ 18 விழுக்காடு பெருகியிருக்க, ஆண் மாடுகள் 30 விழுக்காடு குறைந்துவிட்டன. உழவுக்கும் உதவாத, பாலும் தராத கலப்பினக் காளைக்கன்றை வளர்க்க எவரும் முன்வருவதில்லை. அது பட்டினியால் சாகின்றது, தெருவில் விடப்படுகின்றது, அல்லது விற்கப்படுகின்றது. பாலின் விலையில் அதன் உயிர் கணக்கிடப்படுவதே இல்லை.

விற்கப்படும் மாடு வந்து சேரும் இடங்களுள் ஒன்று, திருநெல்வேலி மேலப்பாளையத்தில் கூடும் கால்நடைச் சந்தை. தென்மாவட்டங்களில் பெயர்பெற்ற அச்சந்தையில் கறவை மாடும் கைமாறும், கறவை நின்ற மாடும் கைமாறும். இங்கேதான் நம் சமுதாயம் இக்கதைக்குள் நேராக நுழைகின்றது. பாலைக் குடிப்பவர் எல்லாச் சமயத்தாரும் ஆவர். பால் வற்றிய மாட்டை விற்பவரும் அவ்வாறே. ஆனால் பழி மட்டும் கடைசியாக அதனை வாங்கும் முஸ்லிம் வணிகனின் தலைமீது சுமத்தப்படுகின்றது. பாலுக்கும் இறைச்சிக்கும் உள்ள பிணைப்பை வெளிப்படையாகச் சொல்லும் ஆவணப்படம், அதன் முடிவை ஏற்காதவர்க்கும் இந்த ஒரு நன்மையைச் செய்கின்றது: பழியைப் பால் குடிக்கும் அனைவர்க்கும் பங்கிடுகின்றது.

2017 மே மாதம் மத்திய அரசு கால்நடைச் சந்தைகள் குறித்து வெளியிட்ட விதிகள், இறைச்சிக்காக மாடுகளைச் சந்தையில் விற்பதற்குத் தடை விதித்தன. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதே மாத இறுதியில் அவற்றுக்கு இடைக்காலத் தடை வழங்கியது. அதனை உச்ச நீதிமன்றம் ஜூலையில் நாடு முழுமைக்கும் நீட்டித்தது. அவ்வழக்கு மாடு வணிகரின் வாழ்வுரிமையை மட்டும் சார்ந்ததன்று. கறவை நின்ற மாட்டை விற்க இயலாத உழவன் அடுத்த பசுவை வாங்கவும் இயலாதவனாகிவிடுவான்.

ஆயினும் பழி நீங்கியதாலேயே பொறுப்பு நீங்கிவிடாது. சரக்கு லாரியொன்றில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றலாகாது என்று 1978ஆம் ஆண்டின் கால்நடைப் போக்குவரத்து விதிகள் கூறுகின்றன. அவ்விதி எவ்வளவு மதிக்கப்படுகின்றது என்பதை நெடுஞ்சாலையில் செல்லும் எவரும் காணலாம். ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரங்களில் தோல் தொழிலால் நம் சமுதாயம் செழித்தது. அத்தொழிலின் கழிவால் பாலாறு கெட்டதைக் கண்டித்து 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாலின் பெயரைத் தாங்கிய ஆற்றுக்கு நேர்ந்த அந்நிலைக்கு நாமும் விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

வைக்கோலும் ஆற்று நீரும்

சுற்றுச்சூழல் குறித்த குற்றச்சாட்டையும் நிதானமாக நோக்க வேண்டும். அசைபோடும் விலங்கின் இரைப்பையில் உருவாகும் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல் இருபத்தேழு மடங்குக்கும் மேலாகப் புவியை வெப்பமாக்க வல்லது. மனிதச் செயல்களால் வெளியாகும் வெப்ப வாயுக்களில் பால்தொழிலின் பங்கு, அதனோடு இணைந்த இறைச்சியையும் சேர்த்து, ஏறத்தாழ 4 விழுக்காடு என்று ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2010இல் மதிப்பிட்டது. குறைவாகப் பால் தரும் நம் மாடுகள் லிட்டர்க் கணக்கில் மிகுதியான மீத்தேனை வெளியிடுகின்றன என்பது உண்மை. ஆனால் மனிதர் உண்ண இயலாத வைக்கோலை அவை உணவாக மாற்றுகின்றன என்பதும் உண்மையே.

வைக்கோலை மட்டும் தின்று கலப்பினப் பசு மிகுதியாகப் பால் தராது என்பதில்தான் சிக்கல் உள்ளது. அதற்குப் பிண்ணாக்கும் மக்காச்சோளமும் பசுந்தீவனமும் வேண்டும். ஆண்டு முழுதும் அறுக்கத்தக்க கம்பு நேப்பியர் போன்ற புல்லுக்கு ஆண்டு முழுதும் நீர் பாய்ச்ச வேண்டும். வைக்கோலில் வாழ்ந்த மாடு நெல்லுக்குப் பாய்ந்த நீரின் மிச்சத்தில் வாழ்ந்தது. புல்லில் வாழும் மாடு தனக்கென நீர் கேட்கின்றது. பாலின் அளவு பெருகப் பெருக ஆற்றின் மீதான சுமையும் பெருகும். சூரத்துர் ரஹ்மான் 7 முதல் 9 வரையிலான வசனங்கள் தராசில் வரம்பு மீறுவதைத் தடுக்கின்றன. அத்தராசு கடைத்தெருவில் மட்டும் தொங்குவதன்று.

மின்ஹாஜ் வகுக்கும் எல்லை

இப்போது மார்க்கத்தின் பக்கம் வருவோம். ஹலாலான பாலை ஹராம் என்று அறிவிக்க எவர்க்கும் உரிமையில்லை. அல்லாஹ் ஆகுமாக்கிய நல்லவற்றை விலக்கிக்கொள்வதைச் சூரத்துல் மாயிதாவின் 87ஆம் வசனம் தடுக்கின்றது. விண்ணேற்றப் பயணத்தின்போது மதுவும் பாலும் வைக்கப்பட, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பாலையே தேர்ந்தார்கள். ஆகவே ஆவணப்படத்தின் இறுதி முடிவு நம் முடிவாக இயலாது.

ஆனால் 'பால் ஹலால்' என்பதோடு பேச்சு முடிந்துவிடுவதும் இல்லை. தாமிரவருணி கடல் சேருமிடத்திற்கு அண்மையிலுள்ள காயல்பட்டினம் முதலிய ஊர்களில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபின் அடிப்படை நூல்களுள் ஒன்று, இமாம் நவவீ (ரஹ், மறைவு ஹி. 676) அவர்களின் 'மின்ஹாஜுத் தாலிபீன்'. கணவன் மனைவிக்கும் பெற்றோர் பிள்ளைகளுக்கும் தர வேண்டிய செலவினத்தைக் கூறும் பாடத்தின் இறுதியில் இமாமவர்கள் கால்நடையின் செலவினத்தையும் சேர்த்துள்ளார்கள். உரிமையாளர் தீவனமும் நீரும் தந்தாக வேண்டும். மறுத்தால், உண்ணத்தகும் விலங்காயின், தீவனமிடுதல், விற்றல், அறுத்தல் ஆகிய மூன்றில் ஒன்றைச் செய்யும்படி அவர் கட்டாயப்படுத்தப்படுவார். பட்டினி போடுதல் இம்மூன்றில் இல்லை. அடுத்து வரும் சட்டம் இன்னும் நேரானது: கன்றுக்குத் தீங்கு நேருமளவுக்குப் பால் கறக்கலாகாது. மடியை ஒட்டக் கறக்காமல் சிறிது விடுதல், மடி வருந்தாதவாறு கறப்பவர் நகத்தை வெட்டிக்கொள்ளுதல், தேனெடுப்போர் தேனீக்கென ஒரு பங்கை விட்டுவைத்தல் ஆகியவற்றையும் ஷாஃபிஈ அறிஞர்கள் இதனோடு சேர்த்து விளக்கினர்.

ஹனஃபீ மத்ஹபிலும் விலங்குக்கு உணவளித்தல் இறைவன்முன் கடமையே. நீதிபதியும் உரிமையாளரைக் கட்டாயப்படுத்தலாம் என்பது இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களின் கருத்து. இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்; மறைவு ஹி. 660) அவர்களோ, பயன் தராத அளவுக்கு முதுமையோ நோயோ உற்ற விலங்குக்கும் உணவளிப்பதை அதன் உரிமைகளுள் ஒன்றாக எண்ணினார்கள். குட்டியைத் தாயின் கண்முன் அறுக்காதிருத்தலையும் அவ்வுரிமைகளில் சேர்த்தார்கள்.

இவற்றின் ஊற்று நபிமொழிகளே. பசியாலும் மிகு வேலையாலும் வருந்திய ஒட்டகத்தின் கண்ணீரைக் கண்டு, அதன் உரிமையாளரை அழைத்து அல்லாஹ்வுக்கு அஞ்சுமாறு நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை அபூதாவூது பதிவு செய்துள்ளார்கள். பல வேளை கறக்காமல் மடியைப் பெருக்கிக் காட்டி விற்பதை அவர்கள் தடுத்ததைப் புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களும் கூறுகின்றன. வாங்கியவரை ஏமாற்றும் அச்செயல் விலங்கையும் வதைக்கின்றது. கத்தியைக் கூர்மையாக்கி அறுபடும் உயிருக்கு எளிமை செய்யுங்கள் என்னும் கட்டளையும் முஸ்லிமில் உண்டு.

செய்யத்தக்கவை

ஆவணப்படம் எழுப்பும் வினா இவ்வாறு நம் நூல்களில் ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுப்பப்பட்டு விடையும் தரப்பட்டுள்ளது. மத்ரஸாக்களில் நாம் மின்ஹாஜின் அப்பாடத்தை ஓதுகின்றோம். ஆனால் அதைக் கொட்டிலுக்கு எடுத்துச் செல்வதில்லை. குறை இங்கேதான் உள்ளது.

மாடு வளர்ப்போர் சீம்பாலைக் கன்றுக்கு முதலில் விடவும், ஆண் கன்றைப் பட்டினி போடாதிருக்கவும் ஜும்ஆப் பேருரைகள் எடுத்துரைக்கலாம். சந்தைக்கு மாடு கொண்டுவருவோரும் வாங்குவோரும் நீருக்கும் நிழலுக்கும் ஏற்பாடு செய்வதையும், லாரியில் நெருக்கி ஏற்றாதிருப்பதையும் ஜமாஅத்துகள் தம் பொறுப்பாக ஏற்கலாம். திருநெல்வேலி இராமையன்பட்டியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்கி வருகின்றது. அதன் அறிவுரையைப் பெற்று, குறைந்த நீரில் வளரும் தீவனத்தையும் வைக்கோலின் சத்தை உயர்த்தும் முறைகளையும் சிறு வளர்ப்போர்க்குக் கொண்டு செல்லலாம். பால் வாங்கும் நாமோ கன்றுக்கு விட்டது போக மிஞ்சும் பாலுக்குரிய விலையைத் தர முன்வர வேண்டும். கன்றின் பங்கைக் கொடுக்கச் சொல்லிவிட்டு அதன் செலவை ஏழைப் பெண்ணின் தலையில் ஏற்றுவது நீதியாகாது.

பாலருந்தியபின் அதில் அபிவிருத்தியை வேண்டி துஆச் செய்யுமாறு நமக்குக் கற்பிக்கப்பட்டுள்ளது. கன்றின் வயிறு காய்ந்திருக்க நம் குவளையில் நிறைந்த பாலில் அந்த பரக்கத் எவ்வாறு இறங்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அல்லாஹ்வே மிக அறிந்தவன்.