கைத்தடி கடைதல்

தயிரைக் கடைவதற்கும் மரத்தைக் கடைவதற்கும் தமிழிலே சொல் ஒன்றே. பழைய கடைசற் பட்டறையைக் கண்டவர்களுக்கு இதிலே வியப்பிராது. இரு முனைகளுக்கிடையே பூட்டிய மரத்திற் கயிற்றைச் சுற்றி, மத்தை இழுப்பதுபோல ஒருவர் முன்னும் பின்னும் இழுப்பார். மற்றவர் உளியைப் பிடிப்பார். மரம் உளியை நோக்கிச் சுழலும்போதுதான் வெட்டு விழும். எதிர்ப்புறம் சுழலும்போது உளியைச் சற்றே விலக்கிக்கொள்ளல் வேண்டும். இன்று சிறு மின்மோட்டார் பூட்டிய லேத்து வீட்டுத் தாழ்வாரத்திலே ஒரு மேசையளவு இடத்தில் அடங்கிவிடுகின்றது. மரம் ஒரே திசையில் ஓயாது சுழல்கின்றது. இழுப்பதற்கு ஆள் வேண்டியதில்லை.

இத்தகைய லேத்திலே பம்பரமும் மத்தும் கடைந்து பழகியவர்கள் அடுத்து விரும்புவது கைத்தடியையே. அழகுப் பொருள்தானே என்று எண்ணி இதிலே கை வைத்தலாகாது. எங்கள் அயலிலே ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் இருக்கின்றார். வயது எண்பதைக் கடந்துவிட்டது. திருவிழாக் கடையொன்றில் வாங்கிய வண்ணத்தடி, கோயிற் படியில் இறங்கும்போது நடுவே முறிந்தது. அருகில் நின்ற இளைஞர் தாங்கியமையால் இடுப்பெலும்பு தப்பியது. ஆனாற் பெரியவரின் துணிவு தப்பவில்லை. அலுமினியத் தடியை வீட்டுக்குள்ளே ஊன்றுவார். அதனோடு தெருவுக்கு வர மறுத்துவிட்டார். மூன்று மாதம் படலைக்கு வெளியே அவரைக் காணமுடியவில்லை. அவருடைய மகன் லேத்தின்முன் நின்றது அதன் பின்னர்தான்.

முறிந்த தடியை நானும் பார்த்தேன். மரத்தின் இழை தடியின் நீளத்துக்கு ஓடாமல் குறுக்கே சாய்ந்து வெளியேறியிருந்தது. மரத்தின் வலு அதன் இழையிலே இருக்கின்றது. வாளால் அரிந்த பலகை நேராகத் தோன்றும். உள்ளே இழை எங்கே போகின்றதென்பது வேறு விடயம். கோடரியாற் பிளந்த மரம் இழைவழியே பிளப்பதால் அது நம்பத்தக்கது. பிளக்க வசதியில்லையெனில், சீவிய முகத்திலே பேனை மை ஒரு துளி விட்டுப் பாருங்கள். மை இழையின் வழியே நீண்டு பரவும். பதினைந்து அங்குல நீளத்துக்கு ஓர் அங்குலத்தின் மேல் அது சாயுமாயின் அம்மரத்தை மத்துக்கு வைத்துக்கொள்வதே நன்று. கணு உள்ள மரமும் அவ்வாறே.

எம்மரம் நல்லதென்று கேட்பவர்கள் பெரும்பாலும் கருங்காலியையே மனத்திற்கொண்டு கேட்கின்றனர். கருங்காலி நீரில் அமிழும் பாரமுடையது. தளர்ந்த கை அதனை நாள் முழுவதும் தூக்கித் திரிய இயலாது. வண்டித் துலாவுக்கும் ஆயுதப் பிடிகளுக்கும் நம் முன்னோர் விரும்பிய விண்ணாங்கு வளைந்து நிமிரும் இயல்புடையது. என் தெரிவு அதுவே. முதிரை பார்வைக்குப் பொன்போல மிளிரும். ஆயினும் அதன் தூள் சிலருடைய தோலிலே கடியையும் கொப்புளத்தையும் உண்டாக்கும். மூக்கையும் வாயையும் மூடாமல் அதனைக் கடைதலாகாது. தபாலதிபரின் மகன் எடுத்தது பழைய முதிரைக் கட்டிலின் சட்டம். ஐம்பது ஆண்டு வீட்டுக்குள்ளே கிடந்து உலர்ந்த மரம் இனித் திருகாது.

சிறு லேத்துகள் பல ஏறக்குறைய ஒன்றரை அடி நீளமே கொள்ளும். தடியோ மூன்றடிக்குக் கிட்டியது. ஆகவே இரண்டு துண்டாகக் கடைந்து பொருத்தல் வேண்டும். பொருத்து நடுவிலே வருமாதலின், தடி வளையும்போது நெருக்குதல் மிகுதியாக உள்ள இடமும் அதுவே. ஒரு துண்டிலே அரை அங்குலக் கழுந்தும் மற்றதிலே இரண்டங்குல ஆழத் துளையும் அமைத்துப் பசையிட்டபின், மேலே மூன்றங்குலப் பித்தளைக் குழாயை இறுகச் செருகினால் அச்சமில்லை. தலைக்கு ஒரு பூணும் வேண்டும். மரம் பிளவாமல் அது காக்கும். பூணிட்ட தடி நம்மவர்க்குப் புதியதன்று. புறநானூற்றின் 243ஆம் பாட்டைப் பாடிய முதியவருக்குத் தொடித்தலை விழுத்தண்டினார் என்று பெயர் வந்ததே அத்தகைய தடியினாலன்றோ!

மெல்லிய நீண்ட மரம் சுழலும்போது நடுவிலே அதிர்ந்து துடிக்கும், உளி துள்ளும், மேற்பரப்பிலே திருகுபோல வரிகள் விழும். வேகத்தைக் குறைத்து, நடுவிலே ஒரு தாங்கி வைத்துக் கடைதல் வேண்டும். உளி கூராக இருந்தால் சீவல் நாடாவாக வரும். தூளாக வந்தால் உளியைத் தீட்டும் நேரம் வந்துவிட்டது. நயத்துக்காக அதிகம் ஒடுக்கிவிடாதீர்கள். மாணவர்கள் இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம்: உருளைத் தடியொன்று வளைவைத் தாங்கும் வலு விட்டத்தின் மும்மடிக்கு இயைய மாறும். ஓர் அங்குலத்தை முக்கால் அங்குலமாக்கினால் எஞ்சுவது 64இல் 27 பங்கு, பாதிகூட இல்லை.

வண்ணம் விரும்புவோர்க்கு நம் நாட்டிலேயே பழைய வழியுண்டு. சுழலும் மரத்திலே நிறமூட்டிய அரக்குக் கட்டியை அழுத்த, உராய்வின் சூட்டில் அது உருகிப் பூசிக்கொள்ளும். மாத்தளைப் பகுதியிலே அரக்கை இழையாக்கி நகத்தினால் அழுத்திப் பூவேலை செய்வர். ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலிலே அரக்கு வேலையை விரிவாக எழுதியுள்ளார். ஆனாற் பிடிக்கு எண்ணெயும் மெழுகுமே போதும். வேர்வைக் கையிலே மினுக்குப் பூச்சு வழுக்கும்.

நீளத்தை இறுதியிலேயே முடிவுசெய்தல் வேண்டும். ஓர் அங்குலம் கூடுதலாக விட்டு, ஊன்றுபவர் வழக்கமான செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட, மணிக்கட்டு மடிப்பின் உயரத்துக்குத் தடியின் பிடி வருமாறு அடியிலே அறுக்கலாம். வலுக்குறைந்த கால் இடது ஆயின் தடியை வலக்கையிலே பிடித்தல் வேண்டும். பலர் இதனை மாறிச் செய்கின்றனர்.

அளவெடுத்த அன்று, "ஐயா, கட்டிற் சட்டம்தான் இது," என்றான் மகன். "அப்படியாயின் வழியிலே நித்திரை கொள்ளாமற் பார்த்துக்கொள்கிறேன்," என்று பெரியவர் அதனை வாங்கிக்கொண்டார். அடியிலே போட்ட றப்பர் மூடி இதற்குள் ஒரு தடவை தேய்ந்து மாற்றப்பட்டுவிட்டது.