உங்களுக்குத் தெரியுமா? பனிச்சறுக்குக்கு விதி வகுத்தவர் மெட்ராஸில் பிறந்தவர்!

வினாடி வினாவில் கேட்கத் தகுந்த கேள்வி: ஆல்பைன் பனிச்சறுக்கு உலக சாம்பியன்ஷிப்பைத் தொடங்கிவைத்தவர் எங்கே பிறந்தார்? பனியே விழாத மெட்ராஸில்! மெதடிஸ்ட் மிஷனரி ஒருவரின் மகனாக 1888-ல் பிறந்த ஆர்னால்ட் லன், 1922-ல் சுவிட்சர்லாந்தின் மியூரன் மலைச்சரிவில் கொடிக் கம்பங்களை நட்டார். அவற்றுக்கிடையே வளைந்து வளைந்து இறங்க வேண்டும். அதுவரை சறுக்கும் பாணிக்கு மதிப்பெண் போட்டார்கள். லன் கடிகாரத்தை நம்பினார். யார் வேகமாக இறங்குகிறாரோ அவருக்கே வெற்றி. இன்றைய ஸ்லாலம் இப்படித்தான் பிறந்தது. 1931-ல் அதே மியூரனில் முதல் உலகப் போட்டி நடந்தது. பெண்களும் களமிறங்கினார்கள் என்பதுதான் பெரிய விஷயம்: பிரிட்டனின் எஸ்மி மெக்கின்னன் பெண்களுக்கான இரண்டு பந்தயங்களிலும் வென்றார். லன் பிறந்த நாட்டுக்கும் இந்த விளையாட்டில் இடமுண்டு: 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரரான காஷ்மீரின் ஆரிஃப் கான், ஸ்லாலத்தின் ஒரு வகையான ஜயண்ட் ஸ்லாலத்தில் 45-ஆம் இடம் பிடித்தார்.