கடல்மீன் தொட்டியில் வெள்ளைப்புள்ளி நோய்: மருந்தைவிட நாள்கணக்கே பெரிது

நமது உறுப்பினர்களின் கடைகளில் மீன் தொட்டி வைப்பது புதிதல்ல. கல்லாவுக்குப் பக்கத்தில் நான்கு தங்கமீன் நீந்தினால், சாமான் வாங்க வந்தவரின் குழந்தை அழாமல் நிற்கும். சிலருக்கு அது வாஸ்து நம்பிக்கை, சிலருக்குப் பொழுதுபோக்கு. இவர்களில் ஒரு சிலர் அடுத்த படியாகக் கடல்மீன் தொட்டிக்கு மாறுகின்றனர். சென்னை கொளத்தூர் போன்ற வண்ணமீன் சந்தைகளுக்குப் போய்வந்தால் அந்த ஆசை வராமல் இருக்காது. ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீனை ஒருமுறை பார்த்தவர் சும்மா திரும்புவது அரிது. ஆனால் ஆசையோடு வைத்த தொட்டி இரண்டே வாரத்தில் காலியாகிவிட்ட கதையையும் நாம் அடிக்கடி கேட்கிறோம். பெரும்பாலும் அதற்குக் காரணம் வெள்ளைப்புள்ளி நோய்.

எங்களுக்கும் அந்த அனுபவம் உண்டு. கடையில் வைத்திருந்த தொட்டியில் எட்டு மீன்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு மீனின் துடுப்பில் ரவை ஒட்டியதுபோல நான்கைந்து வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்தோம். மருந்து வாங்கி வந்து தொட்டியிலேயே ஊற்றினோம். வெள்ளிக்கிழமை புள்ளி ஒன்றுகூட இல்லை. நோய் தீர்ந்தது என்று மகிழ்ந்து மருந்தை நிறுத்தினோம். பத்து நாள் கழித்து எட்டு மீன்களும் உப்புத்தூள் தூவியதுபோல ஆயின. மூன்று நாளில் எட்டும் போயின. தொட்டியிலிருந்த நத்தைகளும் இறாலும் முதல் வாரமே மருந்தில் செத்துவிட்டிருந்தன. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை, தவறு எங்களுடையதுதான். அந்தத் தவறு என்னவென்று மளிகை வியாபாரிக்கு எளிதில் விளங்கும்.

பருப்பு மூட்டையில் வண்டு பிடித்தால் சலித்து எடுத்துவிடுகிறோம். வண்டு கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் மூட்டை சுத்தமாகிவிட்டது என்று நாம் நம்புவதில்லை. முட்டை உள்ளே இருக்கும், சில வாரத்தில் மறுபடி கிளம்பும் என்று நமக்குத் தெரியும். மீன் தொட்டியில் நடப்பதும் இதுவே.

இந்த நோயை உண்டாக்குவது ஒரே செல்லால் ஆன ஓர் ஒட்டுண்ணி. கிரிப்டோகாரியான் என்பது அதன் அறிவியல் பெயர். 1937-இல் ஜப்பானில் சிகாமா என்பவர் இதைப்பற்றி எழுதினார்; 1951-இல் பிரவுன் என்பவர் இன்றுள்ள பெயரை இட்டார். நன்னீர் மீனுக்கு வரும் வெள்ளைப்புள்ளியும் பார்வைக்கு இப்படித்தான் இருக்கும். ஆனால் அது வேறு உயிர். தண்ணீரைச் சூடாக்கினால் நன்னீர் நோய் தீரும் என்பார்கள். அந்த வைத்தியம் இங்கே செல்லாது.

இதன் வாழ்க்கை நான்கு கட்டங்களாக நடக்கிறது. முதல் கட்டத்தில் மீனின் தோலுக்குள்ளும் செவுளுக்குள்ளும் புதைந்து மூன்று முதல் ஏழு நாள் தின்று பெருக்கும். நாம் காணும் வெள்ளைப் புள்ளி இதுதான். பிறகு மீனை விட்டுத் தானாகவே விலகி, சில மணி நேரம் அடித்தரையில் ஊர்ந்து, மணலிலோ கல்லிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொள்ளும். அந்த ஓட்டுக்குள் பிரிந்து பிரிந்து 200 குஞ்சுகள் வரை ஆகும். குறைந்தது மூன்று நாள், சாதாரணமாக நான்கு வாரத்துக்குள் ஓடு திறந்து அவை நீரில் நீந்தும். ஓரிரு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் மடிந்துவிடும். கிடைத்தால் மறுபடி முதல் கட்டம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மீனிலிருந்து விழுந்தது பத்து என்றால் திரும்பி வருவது இரண்டாயிரம். கடலில் இந்த இரண்டாயிரத்தில் ஒன்றிரண்டுக்கு மீன் கிடைப்பதே பெரிது. நான்கு அடித் தொட்டியில் தப்பிக்க மீனுக்கு இடம் ஏது? மேலும் இவை பெரும்பாலும் இருட்டில், விடியலுக்கு முன்பே வெளிவருகின்றன. மீன்கள் அப்போது கல்லிடுக்கில் அசையாமல் உறங்கிக் கொண்டிருக்கும். வட்டிக்கு வட்டி ஏறுவது போல ஒவ்வொரு சுற்றிலும் நோய் பெருகுவது இப்படித்தான்.

இங்கே கவனிக்க வேண்டிய முக்கியமான செய்தி ஒன்று உண்டு. தோலுக்குள் புதைந்திருப்பதை மருந்து தொடாது. ஓட்டுக்குள் இருப்பதையும் தொடாது. நீந்தும் குஞ்சை மட்டுமே மருந்து கொல்லும். ஆகவே மருந்து ஊற்றியதும் புள்ளி மறைந்தால் அது மருந்தின் பெருமை அல்ல. புள்ளி தன் நாள் முடிந்து கீழே இறங்கிவிட்டது, அவ்வளவுதான். நாங்கள் வெள்ளிக்கிழமை மருந்தை நிறுத்தியது, எதிரி உறங்கும்போது காவலை எடுத்ததற்குச் சமம். நல்ல தண்ணீரில் ஐந்து நிமிடம் மீனை முக்கி எடுக்கும் வைத்தியமும் இதே காரணத்தால் வெள்ளைப்புள்ளிக்குப் பெரிதாக உதவுவதில்லை. பூண்டுச்சாற்றில் ஊறவைத்த தீனி பற்றியும் நம்மவர்கள் கேட்பதுண்டு. மீனுக்குப் பசி தூண்டலாம். நோயை அது தீர்க்கும் என்று நம்பிக் காத்திருந்தால் மீன் மிஞ்சாது.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? புள்ளி கண்ட அன்றே மீன்கள் எல்லாவற்றையும், புள்ளி இல்லாதவற்றையும் சேர்த்து, தொட்டியிலிருந்து வெளியே எடுத்துவிட வேண்டும். காட்சித் தொட்டியில் மருந்து ஊற்றக் கூடாது. மீன் இல்லாத தொட்டியில் வெளிவரும் குஞ்சுகள் பசியால் மடியும். நத்தை, இறால், நண்டு போன்றவற்றை இந்த ஒட்டுண்ணி பிடிப்பதில்லை. அவை தொட்டியிலேயே இருக்கலாம். எத்தனை நாள் காலியாக விடுவது? ஆறு வாரம் குறைந்த அளவு. ஆனால் குளிர்ந்த நீரில் ஓடு திறக்க 72 நாள் வரை ஆனதாக ஆய்வு ஒன்று பதிவு செய்திருக்கிறது. ஆகவே பதினொரு வாரம் விடுவதே எங்கள் வழக்கம். வெறுந் தொட்டியைப் பார்க்கச் சங்கடமாகத்தான் இருக்கும். கடைக்கு வருபவர்களும் கேட்பார்கள். பொறுக்க வேண்டும்.

வெளியே எடுத்த மீன்களுக்கு மருந்தே இல்லாத ஒரு வழி இருக்கிறது. இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகளும் இரண்டு காற்றுக் கற்களும் போதும். ஓடு திறக்கக் குறைந்தது மூன்று நாள் என்று பார்த்தோம் அல்லவா? அந்த மூன்று நாளுக்குள் மீனை வேறு புதுத் தண்ணீருக்கு மாற்றிவிட்டால், கீழே விழுந்தவை எல்லாம் பழைய தொட்டியில் தங்கிவிடும். முதல் நாள் ஒரு தொட்டி, நான்காம் நாள் அடுத்தது, ஏழாம் நாள் கழுவி வெயிலில் நன்றாகக் காயவைத்த முதல் தொட்டி, பத்தாம் நாள் மீண்டும் இரண்டாவது. பதின்மூன்றாம் நாள் மீனில் ஒட்டுண்ணி இருக்காது. காலை வேளையில் மாற்ற வேண்டும். வலையும் காற்றுக் கல்லும் குழாயும் ஒவ்வொரு முறையும் காய்ந்ததாக இருக்க வேண்டும். பழைய தண்ணீர் மீனோடு எவ்வளவு குறைவாகப் போகிறதோ அவ்வளவு நல்லது. புதுத் தண்ணீரின் உப்பும் சூடும் பழையதை ஒத்திருக்க வேண்டும்.

செலவு என்று பார்த்தால், 40 லிட்டர் தொட்டிக்கு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் வீதம் 1.4 கிலோ கடலுப்புக் கலவை. நான்கு முறைக்கு ஐந்தரை கிலோவுக்குச் சற்று மேல். பன்னிரண்டு நாளில் தீர்ந்துவிடும் வைத்தியத்துக்கு இது பெரிய தொகை அல்ல. குணமான மீன்களைப் பெரிய தொட்டியின் நாள்கணக்கு முடியும்வரை வேறொரு சுத்தமான தொட்டியில் வைத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுத் திருப்பி விட்டால் பன்னிரண்டு நாள் உழைப்பும் வீண்.

தொட்டியாக எதை எடுப்பது என்பதிலும் கவனம் தேவை. நம் கடையில் காலி டப்பாக்களுக்குக் குறைவில்லை. ஆனால் சோப்புத்தூள், பினாயில், கற்பூரம் இருந்தவை எதுவும் ஆகாது. தண்ணீருக்கென்றே வாங்கிய புதுத் தொட்டி நல்லது.

உப்பைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதைக் கேட்காத மளிகைக் கடைக்காரர் இல்லை. நம் கடையில் மூட்டை மூட்டையாகக் கல்லுப்பு இருக்கும்போது, எதற்காகக் கடலுப்புக் கலவையை விலை கொடுத்து வாங்குவது? கல்லுப்பும் கடலிலிருந்து வந்ததுதானே? வந்தது கடலிலிருந்துதான், ஆனால் முழுக்கடலும் வரவில்லை. உப்பளத்தில் நீர் சுண்டும்போது சுண்ணாம்புச் சத்து ஜிப்சமாக முன்னதாகவே படிந்து விடுகிறது. உப்பு விளைந்தபின் மிஞ்சும் கசப்பு நீரை வடித்துவிடுகிறார்கள். மெக்னீசியம் அதோடு போய்விடுகிறது. மீதி ஏறக்குறைய சோடியம் குளோரைடு மட்டுமே. அதைக் கரைத்தால் உப்புத் தண்ணீர் கிடைக்கும், கடல் தண்ணீர் கிடைக்காது. கடற்கரை ஊர்க்காரர்கள் கடல்நீரையே கொண்டு வரலாம். ஆனால் முகத்துவாரத்தின் பக்கம், மழைக்குப் பின், எடுக்கக் கூடாது. எடுத்ததையும் மீன் இல்லாமல் சில வாரம் மூடி வைத்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

மருந்து என்று வந்தால் பழக்கத்தில் உள்ளது தாமிரம். தனித் தொட்டியில், லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் அளவில், மூன்று வாரத்துக்குக் குறையாமல், ஒருநாளும் அளவு இறங்காமல் வைத்திருக்க வேண்டும். குறைந்தால் ஒட்டுண்ணி பிழைக்கும், கூடினால் மீன் சாகும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் மயில்துத்தமும் தாமிரம்தானே, ஒரு சிட்டிகை போட்டால் என்ன என்று ஒரு நண்பர் கேட்டார். மயில்துத்தத்தில் கால் பங்கு தாமிரம். 100 லிட்டருக்கு வேண்டியது 80 மில்லிகிராம் மயில்துத்தம். நம் கடைத் தராசு அதைக் காட்டவே காட்டாது. ஒரு கிராம் விழுந்தால் வேண்டிய அளவைப்போல் பன்னிரண்டு மடங்கு! ஆகவே மீனுக்கென்று தயாரித்த மருந்தையும் தாமிரம் அளக்கும் சோதனைப் பெட்டியையும் சேர்த்தே வாங்க வேண்டும். ஒன்றில்லாமல் மற்றது கூடாது. சில மருந்துகளில் தாமிரம் வேறு பொருளோடு பிணைக்கப்பட்டிருக்கும். அவற்றின் அளவு வேறு, சீட்டில் உள்ளபடி நடக்க வேண்டும். மணலும் கிளிஞ்சலும் தாமிரத்தை உறிஞ்சும் என்பதால் மருந்துத் தொட்டியின் அடி வெறுமையாக இருக்கட்டும். தாமிரம் பட்ட தண்ணீரில் நத்தையும் இறாலும் பிழைக்காது.

உப்பைப் பாதிக்கும் கீழே, லிட்டருக்கு 16 கிராமுக்குக் குறைத்து, மூன்று வாரம் வைக்கும் முறையும் உண்டு. பல மீன்கள் தாங்கும். ஆனால் சில வகை ஒட்டுண்ணிகளும் தாங்கிவிடுகின்றன.

புள்ளி ரவை போல இல்லாமல் மஞ்சள் கலந்த மாவு தூவியது போல மிக நுண்ணியதாக இருந்து, மீன் வேகமாக மூச்சு வாங்கினால் அது வெல்வெட் என்னும் வேறு நோய். அமிலூடினியம் என்ற ஒட்டுண்ணியால் வருவது. இது இரண்டு மூன்று நாளில் தொட்டியையே முடித்துவிடும். மேலே சொன்ன தொட்டி மாற்றும் முறையும் உப்புக் குறைப்பும் இதற்குப் பலிக்காது, உடனே தாமிரம்தான். கோமாளி மீனின் உடம்பில் சளி போலத் தோல் உரிந்தால் அது மூன்றாவது வகை. அதற்குப் பார்மலின் சொல்வார்கள். தின்பண்டம் விற்கும் இடத்தில் பார்மலின் புட்டி இருக்கவே கூடாது என்பது எங்கள் கருத்து.

எந்தப் புள்ளியும் இல்லாமல் ஓரிரவில் எல்லா மீனும் செத்துக் கிடந்தால் ஒட்டுண்ணியைத் தேட வேண்டாம். கடையில் கொசுவர்த்தி எரிந்ததா, பூச்சி மருந்து அடித்தார்களா என்று பாருங்கள். அவற்றில் உள்ள மருந்து மீனுக்குக் கொடிய நஞ்சு. காற்றுப் பம்பு அறைக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. ஷட்டர் இறக்கிய கடையின் புழுக்கமும், இரவில் மின்சாரம் போய்ப் பம்பு நிற்பதும் மற்றக் காரணங்கள். பேட்டரியில் ஓடும் பம்பு ஒன்று வைத்திருப்பது நல்லது.

நோய் வராமல் காப்பதற்கு வழி ஒன்றே. புதுச்சரக்கு மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் பழைய அடுக்கில் ஏற்றுவோமா? மாட்டோம். புது மீனும் அப்படித்தான். எவ்வளவு நம்பிக்கையான கடையில் வாங்கினாலும் ஒரு மாதத்துக்குக் குறையாமல் தனித் தொட்டியில் இருக்க வேண்டும். தொட்டி மாற்றும் முறையை அந்த மாதத்தின் தொடக்கத்திலேயே செய்துவிடலாம். விற்கும் இடத்தில் தாமிரம் சிறிதளவு கலந்த தண்ணீரில் மீன் இருந்திருக்கலாம். அங்கே அடங்கியிருந்த நோய் நம் வீட்டில் தலைதூக்கும். பையில் வந்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. தனித் தொட்டியின் வலையையும் வாளியையும் பெரிய தொட்டியில் நனைக்கக் கூடாது. நத்தையும் கல்லும்கூட, மீன் இருந்த தொட்டியிலிருந்து வந்தால், ஓடு ஒட்டியிருக்கக் கூடும். அவற்றையும் மீனில்லாத தொட்டியில் பதினொரு வாரம் வைப்பதே முறை.

அழகுக்காக உயிர்ப் பவளமோ கடற்குதிரையோ வாங்கத் துணிய வேண்டாம். 2001-இல் இவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. நாலு பேர் வந்து போகும் கடையில் அவை இருந்தால் மீன் நோயைவிடப் பெரிய தொல்லை வரும். கோமாளி மீனில் கடலில் பிடித்ததும் உண்டு, வளர்ப்பில் பொரித்ததும் உண்டு. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையத்தில் இதன் குஞ்சு பொரிப்பு முறையை உருவாக்கியிருக்கிறார்கள். வளர்ப்பு மீனைக் கேட்டு வாங்குவது நல்லது. தொட்டி வாழ்வுக்குப் பழகியதால் சீக்கிரம் தீனி எடுக்கும். அதற்கும் தனித் தொட்டி உண்டு, விலக்கு இல்லை.

இப்போது எங்கள் கடையில், புது மீன் வந்த தேதியைத் தினசரிக் காலண்டரில் சிவப்பு மையில் குறிக்கிறோம். மாற்ற வேண்டிய நான்காம், ஏழாம், பத்தாம் நாட்களையும் அன்றே குறித்துவிடுகிறோம். கடைப் பையன் தாளைக் கிழிக்கும்போது, "அண்ணாச்சி, இன்னைக்கு மீன் மாத்தணும்" என்று அவனே சொல்லிவிடுகிறான்.