நாகப்பட்டினம் – காங்கேசன்துறை பயணிகள் கப்பல்: முதன்முறை செல்வோர் அறிய வேண்டியவை

நாகப்பட்டினம் – காங்கேசன்துறை பயணிகள் கப்பல் சேவை என்பது தமிழ்நாட்டின் நாகப்பட்டினம் துறைமுகத்தையும் இலங்கையின் யாழ்ப்பாண மாவட்டத்தில் உள்ள காங்கேசன்துறையையும் இணைக்கும் கடல்வழிப் போக்குவரத்து ஆகும். இது 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கப்பட்டது. இரு துறைமுகங்களுக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 60 கடல் மைல், அதாவது சுமார் 110 கிலோமீட்டர். கடல் அமைதியாக இருக்கும் நாளில் இதைக் கடக்க மூன்றரை முதல் நான்கு மணி நேரம் ஆகும். இவ்வழியில் ஓடும் கப்பல் 150 பேர் அமரக்கூடிய சிறிய கப்பல். பயணத்தின் பெரும்பாலான வசதிகளும் சிக்கல்களும் இந்த அளவைச் சார்ந்தே அமைகின்றன என்பதால், முதன்முறை செல்பவர் முதலில் அதைப் புரிந்துகொள்வது நல்லது.

பின்னணி

தமிழகத்துக்கும் இலங்கைக்கும் இடையே கப்பலில் போய்வருவது புதிய செய்தி அல்ல. கடலே இல்லாத திண்டுக்கல் வட்டாரத்துக்கும் அதில் பங்கு உண்டு. 1870-களில் திருச்சியில் இருந்து திண்டுக்கல், மதுரை வழியாகத் தூத்துக்குடி வரை ரயில் பாதை போடப்பட்டது. அதன் பின் சென்னையில் இருந்து புறப்பட்ட 'போட் மெயில்' ரயில் இந்தப் பாதையில் சென்று தூத்துக்குடியில் நின்றது. அங்கிருந்து கொழும்புக்கு நீராவிக் கப்பல். பழைய மதுரை மாவட்டத்தின் ஊர்களில் இருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் பலர். 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் வழி மாறியது. தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் என்றானது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு கப்பல் இராமேசுவரத்தில் இருந்து ஓடியது. 1980-களில் இலங்கையில் உள்நாட்டுப் போர் மூண்டதும் அதுவும் நின்றது.

போர் முடிந்த பின் 2011 ஜூன் மாதம் தூத்துக்குடி – கொழும்பு இடையே 'ஸ்கோட்டியா பிரின்ஸ்' என்ற பெரிய கப்பல் விடப்பட்டது. அது அவ்வாண்டு நவம்பரைத் தாண்டவில்லை. அதற்கு 12 ஆண்டுகள் கழித்துத் தொடங்கியதே நாகப்பட்டினம் – காங்கேசன்துறை சேவை.

சிரிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய மலையகத் தமிழர் கொடைக்கானல் மலைப்பகுதியில் குடியேறினர். திண்டுக்கல் அருகே தோட்டனூத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமுக்கு 2022-இல் 321 வீடுகள் கட்டித் தரப்பட்டன. இக்குடும்பங்களில் பலருக்கு அக்கரையில் உறவினர் இருக்கிறார்கள். எனவே இந்தக் கப்பல் சுற்றுலாப் பயணிகளுக்கு மட்டும் உரியதன்று. கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் போய்ச் சேர வேண்டியவர்களுக்கும் உரியது. அவர்களுக்குத்தான் கப்பலின் நாள் தவறுவது பெரிய இழப்பாகிறது.

சிறிய கப்பல் என்பதன் பொருள்

'கப்பல் பயணம்' என்றதும் பலரும் நினைப்பது நீச்சல் குளமும் திரையரங்கும் கொண்ட உல்லாசக் கப்பலை. சென்னையில் இருந்து சென்ற கார்டிலியா கப்பல் அவ்வகையைச் சேர்ந்தது; ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் தங்கிப் பயணம் செய்யலாம். நாகை – காங்கேசன்துறைக் கப்பலோ உட்கார்ந்து செல்லும் கப்பல். படுக்கை அறை கிடையாது. குளிரூட்டப்பட்ட கூடத்தில் பேருந்து இருக்கைகளைப் போல வரிசையாக இருக்கைகள் இருக்கும். முதலில் வந்த 'செரியபாணி' இந்தியக் கப்பல் கழகம் இயக்கிய அதிவேகக் கப்பல். அதன் பெயர் லட்சத்தீவில் உள்ள ஒரு பவளத்திட்டின் பெயர். 2024 ஆகஸ்ட் 16 முதல் 'சிவகங்கை' என்ற கப்பலை இண்ட்ஸ்ரீ ஃபெரி சர்வீசஸ் என்ற தனியார் நிறுவனம் இயக்கத் தொடங்கியது. சாதாரண இருக்கை, கூடுதல் கட்டண இருக்கை என இரு வகுப்புகள் வைக்கப்பட்டன. தொடக்கத்தில் ஒருவழிக்கு முறையே சுமார் 5,000 ரூபாய், 7,500 ரூபாய் என்று கட்டணம் இருந்தது. பின்னர் அது மாற்றப்பட்டதால், பயணச்சீட்டு எடுக்கும் நாளில் நிறுவனம் சொல்லும் தொகையையே நம்ப வேண்டும்.

சிறிய கப்பலில் நன்மைகளும் உண்டு. 150 பேர் மட்டுமே ஏறி இறங்குவதால் கூட்ட நெரிசல் குறைவு. ஆழம் குறைந்த துறைமுகத்துக்குள்ளும் அது நுழைய முடியும்; நாகப்பட்டினத்துக்குப் பெரிய உல்லாசக் கப்பல் வர முடியாது. ஆனால் எடை குறைந்த கப்பலை அலை எளிதில் ஆட்டும். பெரிய கப்பல் பொருட்படுத்தாமல் போகும் அலை, சிறிய விரைவுக் கப்பலுக்குப் பயணத்தை நிறுத்தும் காரணமாகிவிடும். அதிவேகப் பயணிகள் கப்பல்களுக்கான பன்னாட்டு விதிகளே அப்படித்தான் எழுதப்பட்டுள்ளன. ஒவ்வொரு கப்பலுக்கும் எவ்வளவு உயர அலை வரை செல்லலாம் என வரம்பு உண்டு. நான்கு மணி நேரத்துக்குள் ஒதுங்கக்கூடிய இடம் இருக்கும் வழியில் மட்டுமே பயணிகளுடன் செல்லலாம். ஆகவே 'இன்று கப்பல் இல்லை' என்ற அறிவிப்பைப் பெரும்பாலும் நிர்வாகத்தின் சோம்பலாக எண்ண வேண்டியதில்லை.

நாள் தள்ளிப்போகும் என்று எண்ணியே திட்டமிடுதல்

இந்தச் சேவையின் குறுகிய வரலாறே இதற்குச் சான்று. முதல் பயணம் 2023 அக்டோபர் 10 என்று சொல்லப்பட்டு, 12-க்குத் தள்ளி, கடைசியில் 14-ஆம் தேதி நடந்தது. பயணிகள் குறைவாக இருந்ததால் சில நாட்களிலேயே வாரத்துக்கு மூன்று நாள் எனச் சுருங்கியது. வடகிழக்குப் பருவமழை நெருங்கியதும் அதே மாதம் 20-ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு மே மாதம் மீண்டும் தொடங்கும் என அறிவித்து, பலமுறை தேதி மாற்றி, ஆகஸ்டில்தான் தொடங்கினார்கள். அவ்வாண்டின் மழைக்காலத்திலும் நின்று, 2025 பிப்ரவரி 22 அன்று மறுபடி ஓடத் தொடங்கியது.

காரணம் பாக் நீரிணையின் அமைப்பு. இது ஆழம் குறைந்த கடல். ஆழமற்ற நீரில் காற்று வீசும்போது அலைகள் நீண்டு உருளாமல், குட்டையாகவும் செங்குத்தாகவும் நெருக்கமாகவும் எழும்புகின்றன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குக் காற்றும் வங்கக் கடல் புயல்களும் இப்பகுதியை நேரடியாகத் தாக்குகின்றன. ஆடிக் காற்றின் காலத்திலும் கடல் கலங்குவதுண்டு. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மாதங்கள் ஒப்பளவில் அமைதியானவை. முதன்முறை செல்பவர் இம்மாதங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. கார்த்திகை மாதக் கல்யாணத்துக்கு இந்தக் கப்பலை நம்பி மண்டபம் பிடிப்பது புத்திசாலித்தனம் அல்ல.

போகும் நாளை விடத் திரும்பும் நாளே அதிகச் சிக்கல் தருகிறது. போகும் கப்பல் ரத்தானால் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். திரும்பும் கப்பல் ரத்தானால் அயல்நாட்டில் தங்கும் செலவு கூடும். விசாவின் கெடு முடியும் தறுவாயில் இருந்தால் அது சட்டச் சிக்கலும் ஆகும். ஆகவே விசா முடியும் நாளுக்கும் திரும்பும் நாளுக்கும் இடையே குறைந்தது ஐந்தாறு நாட்கள் இடைவெளி விடுவது பாதுகாப்பு. திரும்பி வந்த மறுநாளே வேலைக்கோ தேர்வுக்கோ போக வேண்டும் என்ற கட்டாயம் உள்ளவர்கள் விமானத்தில் வரப் பணம் ஒதுக்கி வைத்துக்கொள்ள வேண்டும். பலாலியில் உள்ள யாழ்ப்பாணப் பன்னாட்டு விமான நிலையத்தில் இருந்து சென்னைக்கும், 2025 மார்ச் இறுதி முதல் திருச்சிக்கும் விமானங்கள் விடப்பட்டன. திண்டுக்கல் பக்கத்தவருக்குத் திருச்சி அருகில் என்பதால் இது நல்ல மாற்று வழி.

கப்பல் ரத்தானால் பணம் திரும்பக் கிடைக்குமா, வேறு நாளுக்கு மாற்றித் தருவார்களா என்பதைப் பயணச்சீட்டு எடுக்கும்போதே படித்துக்கொள்ள வேண்டும். எப்படியானாலும், கப்பல் நிறுவனம் தன் பயணச்சீட்டுக்குத்தான் பொறுப்பு. விடுதி வாடகையும் யாழ்ப்பாணத்தில் முன்பதிவு செய்த வண்டியும் பயணியின் கணக்கில்தான் சேரும்.

ஆவணங்கள்

தூரம் குறைவு என்றாலும் இது பன்னாட்டுப் பயணம். ஆதார் அட்டை செல்லாது. கடவுச்சீட்டு கட்டாயம், அது ஆறு மாதங்களுக்குக் குறையாமல் செல்லுபடியாக வேண்டும். இந்தியக் குடிமக்கள் இலங்கைக்கான மின்னணுப் பயண அனுமதியை அந்நாட்டு அரசின் இணையதளத்தில் முன்கூட்டியே பெறலாம். வழக்கமாக 30 நாள் தங்க அது அனுமதிக்கும். அரசுத் தளத்தைப் போலவே தோற்றம் தந்து கூடுதல் பணம் பறிக்கும் தனியார் தளங்களும் உள்ளன என்பதால் முகவரியைச் சரிபார்க்க வேண்டும்.

தமிழர் பெயர்களில் ஒரு தனித் தொல்லை உண்டு. ஆதாரில் முன்னெழுத்தோடு இருக்கும் பெயர், கடவுச்சீட்டில் தந்தை பெயருடன் விரிவாக இருக்கும். பயணச்சீட்டிலும் அனுமதிப் படிவத்திலும் கடவுச்சீட்டில் உள்ளபடியே, எழுத்துப் பிசகாமல் பெயரைப் பதிய வேண்டும்.

இலங்கைக் குடிமக்களுக்கும், பிற நாட்டுக் கடவுச்சீட்டு வைத்துள்ள புலம்பெயர் தமிழருக்கும் இந்திய விசா தேவை. இந்தியாவின் இணைய விசா எல்லாத் துறைமுகங்களிலும் ஏற்கப்படுவதில்லை. அதற்கென அறிவிக்கப்பட்ட இடங்கள் உண்டு. நாகப்பட்டினத்தில் இறங்க எந்த விசா செல்லும் என்பதை உறுதி செய்துகொள்ளாமல் பணம் கட்டக் கூடாது. மறுவாழ்வு முகாம்களில் வசிப்போர் நிலை வேறு. அவர்கள் இலங்கைத் துணைத் தூதரகத்திடம் பயண ஆவணமும், இந்திய அதிகாரிகளிடம் வெளியேறும் அனுமதியும் பெற வேண்டியிருக்கும். இதற்கு நாளாகும் என்பதால் அதை முடித்த பிறகே பயண நாளைக் குறிக்க வேண்டும்.

துறைமுகத்துக்குப் போய்ச் சேர்தல்

கப்பல் பெரும்பாலும் காலையில் புறப்படுகிறது. குடிநுழைவு, சுங்கச் சோதனைகளுக்காகப் பயணிகள் அதற்குச் சில மணி நேரம் முன்பே வந்துவிட வேண்டும். கன்னிவாடியில் இருந்து செல்பவர் பேருந்தில் திண்டுக்கல், அங்கிருந்து திருச்சி, தஞ்சாவூர், திருவாரூர் வழியாக நாகப்பட்டினம் சேர வேண்டும். இரவு வண்டி ஏறி விடியலில் நேரே துறைமுகத்தில் இறங்கலாம் என்று கணக்குப் போடுவது ஆபத்து. முதல் நாளே சென்று நாகப்பட்டினத்திலோ அருகிலுள்ள வேளாங்கண்ணியிலோ இரவு தங்கினால் உறக்கமும் கிடைக்கும். மறுநாள் கடல் எப்படி என்பதும் மாலையிலேயே ஓரளவு தெரிந்துவிடும்.

பொதிக்கு எடை வரம்பு உண்டு. மீறினால் கூடுதல் கட்டணம். உறவினருக்கென்று சிறுமலை வாழைப்பழமும் முருங்கை விதையும் செடியும் கட்டி எடுத்துப்போக நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும்: பழம், விதை, செடி ஆகியவற்றுக்குத் தாவர நோய்த் தடுப்புச் சட்டப்படி முன் அனுமதி தேவைப்படும், இல்லையேல் பறிமுதல் ஆகலாம். நிறைய நகை அணிந்து செல்பவர்கள் புறப்படும்போதே இந்தியச் சுங்க அதிகாரியிடம் காட்டிச் சான்று பெற்றுக்கொண்டால், திரும்பும்போது அவை புதிதாக வாங்கியவை என்ற ஐயம் எழாது.

கப்பலில்

குமட்டலும் வாந்தியும் முதன்முறை செல்வோரில் பலருக்கு வரும். இது வயிற்றுக் கோளாறு அன்று. உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு உடல் ஆடுவதாகச் சொல்கிறது; மூடிய கூடத்தில் கண் பார்க்கும் இருக்கையும் சுவரும் அசையாமல் இருக்கின்றன. இரண்டு செய்திகளும் பொருந்தாமல் மூளை குழம்புவதன் விளைவே குமட்டல். அதனால் கைப்பேசியைப் பார்ப்பதும் படிப்பதும் இதைக் கூட்டும். சன்னல் வழியே தொடுவானத்தைப் பார்ப்பது குறைக்கும். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு; முன்முனையில் மிக அதிகம். வெறும் வயிறும் கூடாது, எண்ணெய்ப் பலகாரமும் கூடாது. இரண்டு இட்லி போதும். குமட்டல் தடுப்பு மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, ஏறுவதற்கு ஒரு மணி நேரமாவது முன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டும். வாந்தி தொடங்கிய பின் விழுங்கினால் பெரும்பாலும் பயன் இராது. பெரிய கப்பல்களில் உள்ளதைப் போன்ற மருத்துவமனை இத்தகைய சிறிய கப்பலில் இருக்காது. கருவுற்றோரும் இதய நோயாளிகளும் அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டோரும் மருத்துவரைக் கேட்காமல் ஏறக் கூடாது.

புறப்பட்டதும் உயிர்காப்பு மேலங்கி எங்கே இருக்கிறது, எப்படி அணிவது என்று பணியாளர் காட்டுவார். அப்போது படம் எடுப்பதை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். குழந்தைகளுக்கான மேலங்கி தனி அளவு என்பதால் அதையும் கேட்டு வைத்துக்கொள்ளலாம். நடுக்கடலில் கைப்பேசிக்கு அலைவரிசை இருக்காது. இறங்கிய பின் பேசுவதாக வீட்டில் சொல்லிவிட்டால் வீண் பதற்றம் இல்லை.

இறங்கிய பின்

காங்கேசன்துறை யாழ்ப்பாண நகருக்கு வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் உள்ளது. பேருந்தும் முச்சக்கர வண்டியும் கிடைக்கும். ('ஆட்டோ' என்றாலும் புரிந்துகொள்வார்கள்.) போரில் சிதைந்த ரயில் பாதை மீண்டும் போடப்பட்டு, 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை ரயில் வந்தது, கொழும்பு வரை அதில் போகலாம். கீரிமலைக் கேணியும் நகுலேசுவரம் கோயிலும் துறைமுகத்துக்கு மிக அருகில் உள்ளன, மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலும் அவ்வாறே. ஒரு நாள் மட்டுமே தங்குபவர் இவற்றையும் நல்லூரையும் பார்த்துவிடலாம். காங்கேசன்துறையைச் சுற்றிய பகுதி நெடுங்காலம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாக இருந்தது. துறைமுகத்தையும் படையினரையும் படம் எடுப்பதைத் தவிர்க்க வேண்டும்.

இந்திய ரூபாயும் இலங்கை ரூபாயும் பெயரளவில்தான் ஒன்று. வங்கியிலோ உரிமம் பெற்ற மாற்றுநரிடமோ மாற்றிச் சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். கடிகாரத்தை மட்டும் மாற்ற வேண்டியதில்லை. இரு நாடுகளுக்கும் ஒரே நேரம்தான். திரும்பும் பயணத்துக்கு முந்தைய நாள் மாலையில், கப்பல் வருகிறதா என்று நிறுவனத்தைத் தொலைபேசியில் கேட்ட பிறகே விடுதி அறையைக் காலி செய்யலாம்.