நுகத்தடிப் புண்ணும் அதன் சிகிச்சையும்

முதல் மழையில் உழவு நெருக்கும்பொழுது எருதின் பிடரி வீங்குவதுண்டு. பருவம் தவறுமென்றஞ்சிச் சிலர் அதனையே மறுநாளும் பூட்டுகின்றனர். நாலு நாள் ஓய்வை மறுத்தவர் அப்பருவம் முழுதும் எருதை இழக்க நேரிடும்.

புது வீக்கத்திற்குக் குளிர்ந்த நீரில் நனைத்த துணியும், சூடு தணிந்தபின் வெந்நீர் ஒற்றடமும் தகும். தோல் உரிந்திருப்பின் உப்பு நீரால் கழுவி, ஈ மொய்க்காவண்ணம் வேப்பெண்ணெய் தடவுக. சீழ் கொண்டதையும் கல்போல் இறுகிய கட்டியையும் கால்நடை மருத்துவரே அறுத்தல் வேண்டும். காய்ச்சிய இரும்பால் சூடிடுவது தோலைக் கெடுப்பதன்றி வேறு பயனில்லை. வலிக்கு மெலாக்சிகாம் ஊசி உண்டு; டைக்ளோபினாக் ஏற்ற மாடு இறந்தால் அதனைத் தின்னும் பாறுக் கழுகுகள் மடிவதால், அம்மருந்து 2006-ஆம் ஆண்டில் இந்தியாவில் கால்நடைகளுக்கு விலக்கப்பட்டது.

ஆறிய பிடரியில் பழைய நுகத்தையே வைத்தால் புண் மீளும். உயரமொத்த ஜோடியைப் பூட்டி, நுகம் பிடரியில் படியுமிடத்தை அகலமாகவும் வழவழப்பாகவும் தச்சனைக் கொண்டு இழைப்பித்துக்கொள்க.