நீதியா... நிதானமா? `ஜுடிஷியலி', `ஜுடிஷியஸ்லி' குழப்பத்தைத் தீர்த்துக்கலாம் வாங்க!

அப்பார்ட்மென்ட் அசோசியேஷன் செயலாளருக்கு ஒரு மெயில் அனுப்புகிறீர்கள். `பராமரிப்புப் பணத்தைப் பார்த்து, யோசித்துச் செலவு பண்ணுங்க' என்று சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் கொஞ்சம் கெத்தாக இருக்கட்டுமே என்று `ஜுடிஷியலி' செலவு செய்யுங்கள் என எழுதிவிடுகிறீர்கள். படிப்பவருக்கு அது எப்படிப் போய்ச் சேரும் தெரியுமா? `கோர்ட் வழியாகச் செலவு பண்ணுங்க!'

நீங்கள் எழுத நினைத்தது `ஜுடிஷியஸ்லி'. நடுவில் ஒரே ஒரு ஒலிதான் மாறுகிறது. ஆனால், ஒன்று உங்களைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போகும். இன்னொன்று கோர்ட்டுக்கே போகவிடாமல் காப்பாற்றும்.

ஒரே தாய், இரண்டு பிள்ளைகள்

தீர்ப்பு, நீதிபதி ஆகியவற்றைக் குறிக்கும் லத்தீன் சொற்களிலிருந்து வந்தவைதான் இரண்டும். குழப்பத்துக்குக் காரணமும் அதுதான்.

ஜுடிஷியலி என்றால் நீதிமன்றத்தின் வழியாக, நீதிபதிக்குரிய முறையில் என்று பொருள். ஜுடிஷியல் கஸ்டடி என்பதை `நீதிமன்றக் காவல்' என்கிறோம். 1955-ம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில், 10-வது பிரிவு `ஜுடிஷியல் செபரேஷன்' பற்றிப் பேசுகிறது. கணவனும் மனைவியும் மனக்கசப்பில் ஆளுக்கொரு வீட்டில் இருந்தால் அது வெறும் பிரிவு. கோர்ட் ஆணை வாங்கிப் பிரிந்திருந்தால்தான் ஜுடிஷியலி பிரிந்தவர்கள்.

ஜுடிஷியஸ்லி என்றால் நிதானமாக, நல்லது கெட்டது சீர்தூக்கிப் பார்த்து என்று பொருள். இதற்குக் கறுப்பு கவுன் தேவையில்லை. ஆன்டிபயாடிக் மாத்திரையை ஜுடிஷியஸ்லி பரிந்துரைக்கும் டாக்டர், சம்பளத்தை ஜுடிஷியஸ்லி செலவழிக்கும் இல்லத்தரசி... யாருக்கும் பொருந்தும்.

பூந்தமல்லி கோர்ட் சொல்லும் பாடம்

கரையான்சாவடி, பூந்தமல்லி பக்கம் இருப்பவர்களுக்குத் தனி நீதிமன்றம் என்றதும் நினைவுக்கு வருவது ராஜீவ் காந்தி கொலை வழக்கு. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் நடந்த அந்தக் கொடூரத்துக்கு, 1998 ஜனவரி 28 அன்று பூந்தமல்லி தடா நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 26 பேருக்கு மரண தண்டனை. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. 4 பேருக்குத் தூக்கு உறுதியானது, 3 பேருக்கு ஆயுள் தண்டனை, மற்ற 19 பேரும் விடுவிக்கப்பட்டார்கள்.

இங்கே கவனியுங்கள். இரண்டு தீர்ப்புகளுமே ஜுடிஷியலி எடுக்கப்பட்டவைதான். இரண்டையும் சொன்னது நீதிமன்றம். எது ஜுடிஷியஸ்லி எடுக்கப்பட்ட முடிவு என்பது வேறு கேள்வி. அதில் ஆளுக்கொரு கருத்து இருக்கலாம்.

அந்த நால்வரில் நளினியின் தூக்கு, 2000-ம் ஆண்டில் ஆளுநரால் ஆயுளாகக் குறைக்கப்பட்டது. மற்ற மூவரின் தூக்கை, கருணை மனுக்கள் மீது முடிவெடுப்பதில் ஏற்பட்ட தாமதத்தைக் காரணம்காட்டி, 2014 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது. கிடைத்த பலன் ஒன்றுதான். ஆனால், மூவருக்குத்தான் அது ஜுடிஷியலி கிடைத்தது. நளினிக்குக் கிடைத்தது ஆளுநரின் அதிகாரத்தால். அதை `ஜுடிஷியலி' என்று எழுதினால் தகவலே தப்பாகிவிடும்.

செம்பரம்பாக்கம் எழுப்பும் இரண்டு கேள்விகள்

2015 டிசம்பர் வெள்ளத்தை மறக்க முடியுமா? செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி. மழை கொட்டும்போது எவ்வளவு தண்ணீரை, எப்போது திறந்துவிடுவது என்பது ஜுடிஷியஸ்லி எடுக்க வேண்டிய முடிவு. அப்படித்தான் எடுத்தார்களா என்ற சர்ச்சை கிளம்பியதும், நீதி விசாரணை வேண்டும் என்ற குரல் எழுந்தது. அது, ஜுடிஷியலி விசாரிக்கச் சொல்லும் கோரிக்கை. முதல் கேள்வி ஷட்டரைத் திறந்த விதத்தைப் பற்றியது. இரண்டாவது அதை விசாரிக்கும் விதத்தைப் பற்றியது.

இரண்டும் சேர்ந்து வந்தால்?

ஜாமீன் தொடர்பான உத்தரவுகளைப் படித்தால், நீதிபதி தன் விருப்புரிமையை `ஜுடிஷியலியும் ஜுடிஷியஸ்லியும்' பயன்படுத்த வேண்டும் என்ற பொருளில் வரிகள் வரும். ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொல்கிறார்களோ என்று தோன்றும். இல்லை.

ஜுடிஷியலி என்றால், சட்டத்துக்கு உட்பட்டு, இரு தரப்பையும் கேட்டு, காரணத்தை எழுதி முடிவெடுப்பது. `எனக்குத் தோணுச்சு, கொடுத்தேன்' என்பது கூடாது. ஜுடிஷியஸ்லி என்றால், எதிரில் நிற்கும் ஆளின் நிலையை எடைபோடுவது. ஒரே வழக்கில் கைதான இருவரில் ஒருவர் நடக்க முடியாத முதியவர். இன்னொருவர் சாட்சியை மிரட்டியவர். இருவருக்கும் ஒரே சட்டம்தான். ஆனால், ஒரே முடிவு சரியாக இருக்குமா? இரண்டு சொற்களும் தேவைப்படுவது இதனால்தான். ஒன்று குறைந்தாலும், நஷ்டம் சிறைக்குள் இருப்பவருக்கோ, வெளியே பயந்துகொண்டிருக்கும் சாட்சிக்கோதான்.

மறக்காமல் இருக்க 3 வழிகள்

1. சத்தத்தை வைத்துப் பிடியுங்கள். ஜுடிஷியலி - அஃபிஷியலி: இரண்டிலும் அரசு முத்திரை இருக்கும். ஜுடிஷியஸ்லி - காஷியஸ்லி: இரண்டிலும் ஜாக்கிரதை இருக்கும்.

2. `ரொம்ப' சேர்த்துப் பாருங்கள். `ரொம்ப நிதானமாக' என்று சொல்லலாம்; அங்கே ஜுடிஷியஸ்லி. `ரொம்ப நீதிமன்றத்தின் வழியாக' என்று யாராவது சொல்வார்களா? அங்கே ஜுடிஷியலி.

3. தமிழில் நினையுங்கள். நீதி என்றால் ஜுடிஷியலி. நிதானம் என்றால் ஜுடிஷியஸ்லி.

கூடவே இன்னொன்று. `லீகலி' என்பதும் ஜுடிஷியலிக்குச் சமமில்லை. நீங்கள் போடும் வாடகை ஒப்பந்தம் லீகலி செல்லும். அதாவது, சட்டப்படி செல்லும். அதில் தகராறு வந்து, கோர்ட் ஏறி, நீதிபதி முடிவு சொன்னால்தான் அது ஜுடிஷியலி தீர்ந்த விவகாரம்.

வக்கீல் நோட்டீஸோ, அலுவலக மெயிலோ, அடுத்த முறை அனுப்பும் முன் அந்த வார்த்தைக்குப் பதிலாக `நிதானமாக' என்று போட்டு ஒருமுறை வாசித்துப் பாருங்கள். பொருந்தினால் ஜுடிஷியஸ்லி. பொருந்தவில்லையென்றால், கோர்ட் சம்பந்தப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஜுடிஷியலி போடுங்கள். அப்புறம் தைரியமாக `சென்ட்' பட்டனை அழுத்தலாம்!